சைக்கிள் வானொலியும் மகளின் பில்டரும்

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட ஒருவன் இசை மென்பொருள் பற்றி எழுதப் புகுவது வேடிக்கையாகத் தோன்றலாம். எனக்குச் சுருதியும் தெரியாது, லயமும் தெரியாது. கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரக் கச்சேரி நடக்கும்போது தூணோரம் சாய்ந்து உறங்கிய அனுபவமே அதிகம். ஆனாலும் சென்ற மாதம் முழுவதும், வேலை முடிந்து வந்ததும் வராததுமாக மகளின் மடிக்கணினிக்கு முன்னால் அமர்ந்து, ஓர் ஒலி எந்த இடத்தில் திறக்க வேண்டும், எந்த இடத்தில் மூட வேண்டும் என்று அவளோடு வாதாடிக்கொண்டிருந்தேன்.

மகள் ஓர் ஒலிச்சித்திரம் தயாரிக்கிறாள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்து வீடுகளில் இரவுகள் எவ்வாறு கழிந்தன என்பது அதன் பொருள். அந்தக் காலத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். 1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. வடக்கே கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சிறு போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு துண்டுத் திரி, அதுதான் விளக்கு. வானொலி கேட்க வேண்டுமானால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லோடு டைனமோவை உராயவிட்டு, ஒருவர் ஏறி மிதிக்க வேண்டும். மற்றவர்கள் கேட்பார்கள்.

எங்கள் வீட்டில் மிதிப்பவன் தம்பி. கேட்பவன் நான். பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டப் படிப்பை முடிக்கும் முன்னரே ஒரு பத்திரிகையில் பயிற்சி நிருபனாகச் சேர்ந்திருந்தேன். கொப்பித்தாளில் பத்திரிகை அச்சான காலம் அது. இரவில் வெளிநாட்டு வானொலிகளின் சிற்றலைச் செய்திகளைக் குறித்துக்கொண்டு காலையில் ஆசிரியபீடத்தில் ஒப்படைப்பது என் கடமைகளுள் ஒன்று. தம்பிக்கு அப்போது பதினைந்து வயது.

"அப்பா, அந்த ரேடியோச் சத்தம் எனக்கு வேணும்" என்றாள் மகள்.

எங்கே போவது? வானொலிக்கே மின்சாரமில்லாத வீட்டில் ஒலிப்பதிவு ஏது? உறவினர்களிடம் விசாரித்தோம். ஒருவரிடமும் இல்லை.

"அப்ப நாங்களே செய்வம்."

இந்த இடத்தில் நான் முரண்பட்டேன். ஒருவர் சொல்லாத வார்த்தையை மேற்கோள் குறிக்குள் போடாதே என்று இளம் நிருபர்களுக்கு இன்றுவரை ஓதிவருபவன் நான். இல்லாத ஒலிபரப்பொன்றை என் வீட்டிலேயே தயாரித்து, 'இதோ 1992' என்று கேட்பவரிடம் நீட்டுவதற்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு நாள் இழுபறிக்குப் பின் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அந்த ஒலியில் சொற்கள் இராது. செய்தி வாசிப்பவரின் குரலோ, குரலைப் போன்ற எதுவோ இராது. இது ஆக்கப்பட்ட ஒலி என்பதை நிகழ்ச்சியிலேயே அவள் சொல்லிவிட வேண்டும். எஞ்சுவது என்ன? ஒரு நீண்ட தொனி, கொஞ்சம் இரைச்சல், அவை ஏறி இறங்கும் முறை. அந்த ஏற்ற இறக்கத்தைச் செய்வதற்குத்தான் பில்டர் வேண்டியிருந்தது.

வி.சி.வி. ரக் என்ற மென்பொருளை அவள் பயன்படுத்துகிறாள். 2017 இல் வெளிவந்தது. இதன் இலவசப் பதிப்பே எங்கள் தேவைக்குப் போதுமாக இருந்தது. பழைய காலத்து மொடியூலர் சிந்தசைசரைத் திரையில் அப்படியே வரைந்து வைத்திருக்கிறார்கள். ஒலியைப் பிறப்பிக்க ஒரு பெட்டி, வடிப்பதற்கு ஒரு பெட்டி, இவற்றை இணைக்கச் சிவப்பும் மஞ்சளுமாய்த் தொங்கும் வயர்கள். வயரை மவுஸால் இழுத்துத் துளையில் செருக வேண்டும். பழைய தொலைபேசி நிலையங்களின் இணைப்புப் பலகை எனக்கு நினைவுக்கு வந்தது.

முதலில் என் யோசனைப்படி, ஒலியின் அளவை மட்டும் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். டைனமோ வேகமெடுத்தால் சத்தம் கூடும், தளர்ந்தால் குறையும், அவ்வளவுதானே? கேட்டால் யாரோ பக்கத்தில் நின்று குமிழைத் திருகுவதைப் போலிருந்தது. என் நினைவிலுள்ள வானொலி அப்படிக் குறையவில்லை. அது கம்மும். வாயில் துணியை வைத்துப் பேசுபவனின் குரலாய்ப் போய், பிறகு துணியை எடுத்தது போலத் தெளியும்.

"அது வொலியூம் இல்லையப்பா, பில்டர்" என்றாள்.

அவள் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். வயலின் ஆனாலும் சிந்தசைசர் ஆனாலும், ஒரு சுரம் என்று நாம் கேட்பது தனியொரு மீடிறன் அன்று. ரம்பப்பல் வடிவமுள்ள அலையொன்றை 100 ஹேட்ஸில் எழுப்பினால் அதனோடு 200, 300, 400 என்று மேற்றொனிகள் வரிசையாகப் பிறக்கின்றன. இரண்டாவது பாதிப் பலத்தில், மூன்றாவது மூன்றிலொரு பலத்தில், இப்படியே மேலே போகின்றது. தாழ்மீடிறன்களை மட்டும் விடும் பில்டர் இந்த வரிசைக்கு ஓர் எல்லை போடுகிறது. எல்லைக்குக் கீழுள்ளவை தடையின்றிப் போகலாம், மேலுள்ளவை அடக்கப்படும். ரொபேர்ட் மூக் வடிவமைத்து 1969 இல் காப்புரிமை பெற்ற புகழ்பெற்ற பில்டரில், எல்லையைத் தாண்டி மீடிறன் இரட்டிக்கும் ஒவ்வொரு படிக்கும் 24 டெசிபெல் குறைந்துவிடும். அந்த எல்லையை வோல்ற்றளவால் நகர்த்தலாம் என்பதே மூக் காலத்துச் சிந்தசைசர்களின் பெரிய வசதி. கையால் திருகத் தேவையில்லை. இன்னொரு கருவி அந்த வேலையைச் செய்யும், அதுவும் தாளம் தவறாமல்.

இதில் புதுமை என்று நான் வியக்கப் போக, புதுமை எதுவுமில்லை என்பது பிறகு உறைத்தது. 'ஆ' என்று தொடங்கி, சுருதி மாறாமல் 'ஊ' என்று முடித்துப் பாருங்கள். தொண்டையில் பிறக்கும் ஒலி ஒன்றுதான். வாயும் இதழும் எதை வெளியே விடுவது என்று தீர்மானிக்கின்றன. அகரமும் ஆகாரமும் வாயைத் திறப்பதால் பிறக்கும், உகர ஊகாரங்கள் இதழைக் குவிப்பதால் பிறக்கும் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் சொல்லி வைத்திருக்கிறார். மாணவனாக அதை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதியபோது, ஒரு பில்டரின் விவரணத்தைத்தான் எழுதுகிறேன் என்று தெரிந்திருக்கவில்லை. கச்சேரியில் மோர்சிங் வாசிப்பவரையும் பாருங்கள். பற்களுக்கிடையே வைத்த அந்த இரும்புத் துண்டின் நாக்கு எப்போதும் ஒரே சுருதியில்தான் அதிர்கிறது. வாய்க்குழியைச் சுருக்கியும் விரித்தும் மேற்றொனிகளைத் தெரிந்தெடுத்து, மிருதங்கத்தின் சொற்கட்டுகளை அப்படியே திருப்பிச் சொல்லிவிடுகிறார் அவர்.

நிற்க. மின்கருவியில் இதை யார் தாளமாக்கினார்கள் என்று தேடினேன், செய்தியாளனின் வியாதி. 1971 இல் 'த ஹூ' குழு வெளியிட்ட 'வோண்ட் கெற் பூல்ட் அகெய்ன்' பாடலில், பீற் ரவுன்செண்ட் ஒரு லோரி ஓர்கனின் ஒலியை வி.சி.எஸ். 3 என்ற ஆங்கிலேயச் சிந்தசைசரின் ஊடாகச் செலுத்தினார். விரல்கள் கட்டைகளை அழுத்திப் பிடித்தபடி இருக்க, ஓர்கனின் நீண்ட ஒலி துண்டுதுண்டாகத் துடிக்கிறது. பதிவு செய்யப்பட்ட அந்தத் துடிப்பைக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டே கீத் மூன் டிரம்ஸ் அடித்தார். மேளக்காரனுக்கு இயந்திரம் தாளம் போட்டது. அதே இசைத்தட்டிலுள்ள 'பாபா ஓ'ரைலி'யின் தொடக்கத்தையும் சிந்தசைசர் என்றே பலர் எழுதுகிறார்கள். அது ஓர்கனிலேயே இருந்த ஒரு வசதி. பத்திரிகைக்காரர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

நமக்கு அண்மையிலும் ஒரு கதை உண்டு. பம்பாயில் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982 இல் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டை வெளியிட்டார். அதில் றோலண்ட் நிறுவனத்தின் ரி.பி. 303 என்ற சிறு பெட்டியைப் பயன்படுத்தினார். தனியே கிற்றார் பழகுகிறவனுக்குத் துணையாகப் பேஸ் வாசிக்கட்டும் என்று செய்யப்பட்ட பெட்டி அது. உள்ளேயே சீக்குவென்சர், உள்ளேயே பில்டர். உண்மையான பேஸ் கிற்றாரைப் போல அது ஒலிக்கவில்லை, விற்கவுமில்லை. 1984 இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். மலிவு விலைக்கு வந்த பழைய பெட்டியொன்றை வாங்கிய சிக்காகோ இளைஞர்கள், சீக்குவென்சர் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்க, பில்டர் குமிழ்களைத் திருகித் திருகி 1987 இல் 'அசிட் ட்ரக்ஸ்' என்ற பதிவை வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் நடன மண்டபங்கள் அதைப் பின்பற்றின. சிங்கின் இசைத்தட்டு 2010 இல் மீளவும் வெளியானபோது, இவரே அந்த இசையின் பிதாமகர் என்று தலைப்புப் போட்டார்கள். தலைப்பு மிகை, சிக்காகோ இளைஞர்கள் அவரைக் கேட்டுச் செய்யவில்லை. ஆனால் சுருதிப்பெட்டியோடு வளர்ந்த செவிக்கு, நிற்காத ஒரு தொனியின் உள்ளே எவ்வளவு அசைவு சாத்தியம் என்று தெரிந்திருப்பது இயல்புதானே. அவர் 2015 இல் காலமானார்.

எங்கள் வானொலிக்கு வருகிறேன். இரண்டு ரம்பப்பல் அலைகள், ஒன்றுக்கொன்று மயிரிழை சுருதி விலகியவை. அவற்றோடு கொஞ்சம் வெள்ளிரைச்சல். மூன்றும் பில்டருக்குள் போகின்றன. பில்டரின் எல்லையை நகர்த்த முதலில் எல்.எப்.ஓ. என்னும் மெதுவலைப் பெட்டியைப் பூட்டினாள். செவிக்கு எட்டாத வேகத்தில், வினாடிக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும் அலை. ஒரு மிதிக்கு ஓர் அலை என்று கணக்கு. வந்ததோ கடற்கரை. அலை அழகாக எழுந்து அழகாக விழுந்தது. சைக்கிள் அங்கில்லை.

பிறகு சீக்குவென்சர். மூன்று வரிசையில் வரிசைக்கு எட்டுக் குமிழ்கள். ஒரு விளக்கு இடமிருந்து வலமாக ஒவ்வொரு குமிழாகத் தாவிச் செல்ல, அந்தக் குமிழ் எவ்வளவு திருகப்பட்டிருக்கிறதோ அவ்வளவு வோல்ற்றளவு வெளியே வரும். அதைப் பில்டருக்குக் கொடுத்தால் முதலாம் படியில் ஒலி பாதி திறக்கும், இரண்டில் முழுதாகத் திறக்கும், மூன்றில் மூடிக்கொள்ளும். எதையும் அடிக்காமல், மீட்டாமல், தாளம் பிறந்துவிடுகிறது. படிக்குப் படி சட்டென்று தாவுவது கரடுமுரடாய் இருந்ததால் இடையில் ஒரு தாமதப் பெட்டியைச் செருகினாள், தாவல் சரிவாயிற்று. 'பரிவு' என்ற குமிழைக் கொஞ்சம் ஏற்றியதும், எல்லை நகரும் இடத்திலுள்ள மேற்றொனி மட்டும் துருத்திக்கொண்டு, ஏறக்குறைய 'வவ்' என்று பேசத் தொடங்கியது. நான் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

எதை விடுவது, எதை மறிப்பது என்று ஒருவர் அமர்ந்து தீர்மானிக்கும் வேலை எனக்குப் புதிதல்ல. தணிக்கை நடைமுறையில் இருந்த நாள்களில் பக்கங்களில் வெற்றிடம் விட்டு அச்சிட்டிருக்கிறோம். மகளிடம் அதைச் சொன்னேன். "அப்பா, எல்லாத்தையும் அரசியலாக்காதேங்கோ" என்று அடுத்த வயரை எடுத்தாள்.

சிற்றலைக்கென்று ஒரு குணம் இருக்கிறது. வானலை அயனமண்டலத்தில் பட்டுத் தெறித்து, ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் வந்து சேர்கிறது. வழிகளின் நீளம் வேறுபடுவதால் சில மீடிறன்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மண்டலம் அசைய அசைய அந்த அழிவும் இடம் மாறும். வானமே ஒரு பில்டரைத் திருகிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம். அதற்காக இன்னொரு சீக்குவென்சரைச் சேர்த்து, அதை எட்டுக்குப் பதிலாக ஏழு படிகளில் சுற்றவிட்டாள். எட்டும் ஏழும் மறுபடி ஒன்றாகத் தொடங்க ஐம்பத்தாறு படிகள் எடுக்கும். வினாடிக்கு இரண்டு படியென்றால் 28 வினாடி. அதற்குள் செவி முதல் சுற்றை மறந்துவிடுகிறது. இந்தச் சிறு தந்திரம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

நிறைவாகத்தான் இருந்தது. கண்ணை மூடினால் மண்ணெண்ணெய் மணம் வந்தது. கனடாவிலுள்ள தம்பிக்கு அனுப்பினோம். மறுநாள் காலை அழைத்தான்.

"அண்ணை, நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நானில்லை."

"ஏன்?"

"நான் எப்ப இவ்வளவு ஒழுங்கா மிதிச்சனான்? எனக்கு வலது கால்தான் இழுக்கும். இடது சும்மா கூட வரும். அந்த வருசம் இடது முழங்கால் ஏலாது."

எனக்கு விளங்கவில்லை. எந்த முழங்கால்?

"பொம்பர் வந்த ஒருநாள் பங்கருக்குள்ள குதிச்சு அடிபட்டதெல்லே. வீங்கிப்போய் இருந்தது. அம்மாவுக்குச் சொல்லேல்லை. சொன்னா மிதிக்க விடமாட்டா. உங்கடை நியூஸ் நிண்டுடும்."

சிறிது நேரம் நான் ஒன்றும் பேசவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம், ஒவ்வோர் இரவும், அவனுக்கு ஐந்தடி தூரத்தில் அமர்ந்திருந்தவன் நான். வானொலியோடு காதை ஒட்டி, பென்சிலும் கையுமாக. ஒலி ஒருக்கால் கூடி ஒருக்கால் குறைவதை ஒவ்வொரு நாளும் கேட்டேன். 'ஒழுங்கா மிதியடா' என்று எத்தனை தடவை அதட்டியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. திரும்பி அவன் காலைப் பார்க்கவில்லை. நாடு முழுவதும் நடந்ததைக் குறித்து வைத்த அந்தக் கொப்பிகளில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்றிரவு எடுத்துப் புரட்டினேன். சில வரிகளில் சொற்கள் விடுபட்டு, அந்த இடங்களில் கோடு போட்டிருக்கிறேன். இடது கால் கீழே போன நேரங்களாக அவை இருக்கலாம்.

நான் அவனிடம் கேட்டேன், "நீயும் செய்தி கேட்டனிதானே?"

"எங்கை? சங்கிலியும் டைனமோவும் போடுற சத்தத்திலை ஒரு சொல்லும் விளங்காது. கூடுறதும் குறையிறதும்தான் கேக்கும். உங்கடை முகத்தைப் பாத்துத்தான் நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ எண்டு தெரியும்."

மகளிடம் இதைச் சொன்னபோது அவள் ஒன்றும் சொல்லாமல் மடிக்கணினியைத் திறந்தாள். எட்டுக் குமிழ்களில் ஒற்றைப் படிகளை வலது காலுக்கும் இரட்டைப் படிகளை இடது காலுக்கும் ஒதுக்கினோம். இடதுகள் எல்லாவற்றையும் பாதிக்குக் கீழே இறக்கினோம். படிகளின் நேர அளவும் சமமாய் இருக்கக்கூடாது என்று இடது காலின் படிகளைச் சற்றுப் பிந்தவிட்டாள். ஒலி நொண்டத் தொடங்கியது. தம்பிக்கு மறுபடியும் அனுப்பினோம்.

"ஓம், இது சரி. ஏழாவதைக் கொஞ்சம் ஏத்துங்கோ. களைச்சால் சீற்றிலையிருந்து எழும்பி ஒருக்கா ஊண்டி மிதிப்பன்."

ஏழாவதை ஏற்றினோம்.

"இனி முடிவு?" என்று அவன் கேட்டான். "நீங்கள் பென்சிலை வைச்ச உடனை நான் காலை எடுத்திடுவன். சில்லு கொஞ்ச நேரம் தானாச் சுத்தும். அதுவரைக்கும் ரேடியோ கேக்கும்."

அதற்குச் சீக்குவென்சர் உதவாது என்றாள் மகள். இரண்டையும் நிறுத்திவிட்டு, பில்டரின் எல்லையைக் கையாலேயே மெதுவாக மூட வேண்டும். மவுஸை என்னிடம் தந்தாள். குமிழை இடப்புறமாக இழுத்தேன். முதல் தடவை அவசரப்பட்டுவிட்டேன். இரண்டாம் தடவை இடையில் கை நின்றுபோயிற்று. மூன்றாம் தடவை மிக நீண்டுவிட்டது என்று தம்பி சொன்னான். சில்லு அவ்வளவு நேரம் ஓடாதாம். நான்காவது தடவை ஏறக்குறைய ஐந்து வினாடியில், இரைச்சல் முதலில் போய், மேற்றொனிகள் ஒவ்வொன்றாய்ப் போய், கடைசியில் அடித்தொனி மட்டும் சற்று நின்று அடங்கியது. அதையே சேமித்தோம்.